தோரா: பெயரும் பிறப்பும் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எபிரேய வேதத்தைப் பற்றி வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வசன எண்கள் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

கேள்வி: தோரா, தனாக், பழைய ஏற்பாடு, பஞ்சாகமம் எல்லாம் ஒரே நூலுக்கு வழங்கும் பெயர்களா?

இல்லை. தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து நூல்கள். பஞ்சாகமம் என்பதும் இவற்றையே குறிக்கும். அச்சுப் புத்தகமாகக் கட்டப்பட்ட தோராவை யூதர்கள் ஹுமாஷ் என்பார்கள். அந்தச் சொல்லிலும் இருப்பது ஐந்து என்ற எண்தான்.

தனாக் என்பது முழுத் தொகுதி. தோரா, நெவியீம் (தீர்க்கதரிசிகள்), கெத்துவீம் (எழுத்துகள்) என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான சுருக்கப் பெயர் அது. மிக்ரா, அதாவது வாசிக்கப்படுவது, என்ற பெயரும் உண்டு. பழைய ஏற்பாடு என்பது கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். புதிய ஏற்பாடு இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும் என்பதால் யூதர்கள் அப்படிச் சொல்வதில்லை.

எண்ணிக்கையில் பலர் குழம்புகிறார்கள். யூதக் கணக்கில் 24 நூல்கள், புராட்டஸ்டண்ட் பழைய ஏற்பாட்டில் 39. உள்ளடக்கம் ஒன்றுதான், பிரிப்பதுதான் வேறு. சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் மூன்றும் எபிரேயத்தில் ஒவ்வொரு நூல், நம்மிடம் இரண்டிரண்டு. எஸ்றாவும் நெகேமியாவும் அங்கே ஒரே நூல். ஓசியா முதல் மல்கியா வரையுள்ள பன்னிரண்டு சிறு தீர்க்கதரிசிகளும் அங்கே ஒரே நூல். 24 உடன் 3, 1, 11 ஆகியவற்றைக் கூட்டினால் 39 வந்துவிடும். கத்தோலிக்க வரிசையில் 46 இருப்பது, கிரேக்கத் தொகுதியிலிருந்து வந்த ஏழு நூல்கள் அதில் சேர்ந்திருப்பதால். முடிவும் வேறு: நம் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது, தனாக் நாளாகமத்தோடு முடிகிறது.

கேள்வி: தோரா என்றால் நியாயப்பிரமாணம், அதாவது சட்டம் என்றுதானே பொருள்?

அது பாதிதான். இந்தச் சொல்லின் வேர் வழிகாட்டுதல், கற்பித்தல் என்ற பொருளைத் தருவது. ஆசிரியரைக் குறிக்கும் மோரே என்ற எபிரேயச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ஆகவே போதனை என்பதே நெருங்கிய பொருள்.

வேதத்துக்குள்ளேயே இந்தச் சொல் பல அளவில் புழங்குகிறது. லேவியராகமம் 6:9-ல் சர்வாங்க தகனபலியைச் செலுத்தும் முறைக்குத் தோரா என்று பெயர். அங்கே அது ஒரு தனிச் சடங்கின் நெறி. நீதிமொழிகள் 1:8-ல் ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லும் புத்திமதியும் தோராதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் ‘போதகம்’ என்று சரியாகவே போட்டிருக்கிறார்கள். உபாகமத்தில் அந்த நூலின் பெரும்பகுதியையே ‘இந்தத் தோரா’ என்று சொல்லும் வழக்கம் வருகிறது. ஐந்து நூல்களுக்கும் பொதுப்பெயராக அது நிலைபெற்றது அதற்கும் பிந்தி.

‘சட்டம்’ மட்டும் மேலோங்கியது கிரேக்கத்தால். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது இந்தச் சொல்லுக்கு நோமோஸ் என்று போட்டார்கள். அது சட்டத்துக்கான சொல். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால் நோமோஸ் அதற்குள்ளும் புகுந்தது, பிறகு உலக மொழிகள் பலவற்றிலும் பரவியது. ஆதியாகமத்தின் பெரும்பகுதி ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு இவர்களின் வரலாறு. அதைச் சட்டம் என்று சொன்னால் பொருந்தாது, போதனை என்றால் பொருந்தும்.

இன்னொன்று. யூதர்களின் பேச்சில் தோரா என்ற சொல் மிஷ்னா, தல்மூத் உள்ளிட்ட வாய்மொழி மரபையும் சேர்த்துக் குறிக்கும். ‘தோரா படிக்கிறார்’ என்றால் ஐந்து நூல்களை மட்டும் படிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: ஐந்து நூல்களுக்கும் எபிரேயத்தில் வேறு பெயர்கள் இருப்பது ஏன்?

எபிரேயப் பெயர்கள் ஒவ்வொரு நூலின் தொடக்கத்தில் வரும் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டவை: பெரேஷித் (ஆதியிலே), ஷெமோத் (நாமங்கள்), வய்யிக்ரா (கூப்பிட்டார்), பெமித்பார் (வனாந்தரத்தில்), தெவாரீம் (வார்த்தைகள்). கிரேக்கப் பெயர்கள் உள்ளடக்கத்தைச் சொல்பவை. தமிழ்ப் பெயர்கள் கிரேக்க வழியில் வந்தவை. எண்ணாகமம் என்ற பெயர் அதில் வரும் குடிக்கணக்கை வைத்து ஏற்பட்டது. எபிரேயப் பெயரோ அந்த நூல் நடக்கும் வனாந்தரத்தைச் சொல்கிறது, அதுவே நூலுக்கு இன்னும் பொருத்தமான பெயர் என்பது எங்கள் கருத்து.

உபாகமம் என்பதற்குப் பின்னால் ஒரு சிக்கல் உண்டு. 17:18-ல், அரசன் இந்தத் தோராவின் ‘ஒரு பிரதியை’ எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதை ‘இரண்டாம் சட்டம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். நூலின் கிரேக்கப் பெயரும் அதுவே ஆயிற்று. ஆனாலும் முந்திய நூல்களில் உள்ள பல சட்டங்களை இந்த நூல் திரும்பச் சொல்வதால் பெயர் நிலைத்துவிட்டது.

கேள்வி: ஐந்து நூல்களையும் மோசேதான் எழுதினாரா?

யூத, கிறிஸ்தவ மரபுகள் இரண்டும் அப்படித்தான் நெடுங்காலம் சொல்லிவந்தன. நூலே என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது சொல்வது அதைவிடக் குறைவு. யாத்திராகமம் 24:4, உபாகமம் 31:9 போன்ற இடங்களில் மோசே சில பகுதிகளை எழுதியதாக வருகிறது. ஆதியாகமத்தை எழுதியவர் இன்னார் என்று எங்கும் இல்லை.

கேள்வி எழுந்ததும் முதலில் யூத மரபுக்குள்தான். உபாகமத்தின் கடைசி எட்டு வசனங்கள் மோசேயின் மரணத்தைச் சொல்கின்றன. தன் மரணத்தைத் தானே எப்படி எழுதுவார்? தல்மூத் இதற்கு இரண்டு விடைகளைப் பதிந்துவைத்திருக்கிறது: ஒன்று, அந்த எட்டு வசனங்களை யோசுவா எழுதினார். மற்றொன்று, கடவுள் சொல்லச்சொல்ல மோசே கண்ணீரோடு எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் ஆபிரகாம் இபின் எஸ்றா இன்னும் சில வசனங்களைச் சுட்டி, புரிந்தவர் வாய்திறக்காமல் இருக்கட்டும் என்ற தோரணையில் நிறுத்திக்கொண்டார்.

அவரும் பின்வந்தவர்களும் சுட்டிய இடங்களை நீங்களே புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். ஆதியாகமம் 12:6, ‘அக்காலத்தில் கானானியர் அத்தேசத்தில் இருந்தார்கள்’ என்கிறது. அவர்கள் இல்லாத காலத்தில் எழுதுபவர் சொல்லும் வாக்கியம் அது. 14:14-ல் ஆபிராம் தாண் என்னும் ஊர்வரை துரத்திப்போகிறார். அந்த ஊருக்குத் தாண் என்று பெயர் வந்ததே பிற்பாடுதான் என்கிறது நியாயாதிபதிகள் 18:29. 36:31, இஸ்ரவேலில் ராஜா தோன்றுமுன் ஏதோமை ஆண்டவர்களைப் பட்டியலிடுகிறது. இஸ்ரவேலுக்கு ராஜாக்கள் வந்த பிறகுதான் ஒருவர் அப்படி எழுத முடியும்.

இரட்டித்து வரும் இடங்களும் உண்டு. வெள்ளக் கதையில் 6:19 ஒவ்வொரு உயிரிலும் ஒரு ஜோடி என்கிறது. 7:2 சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி என்கிறது. முதல் அதிகாரத்தில் படைக்கும் கடவுளின் பெயர் எலோகிம், இரண்டாம் அதிகாரத்தின் நாலாம் வசனத்திலிருந்து யாவே என்ற பெயரும் சேர்ந்துகொள்கிறது, படைப்பின் வரிசையும் மாறுகிறது. 1753-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்த்ரூக் இந்தப் பெயர் வேறுபாட்டை வைத்தே ஆதியாகமத்தைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்துக் காட்டினார். மோசேயை மறுப்பது அவர் நோக்கமல்ல. மோசே பழைய ஆவணங்களைத் தொகுத்தார் என்று நிறுவவே அவர் முயன்றார்.

1805-இல் ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே அடுத்த அடியை வைத்தார். யோசியா ராஜாவின் 18-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 622-ஐ ஒட்டி, எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு நியாயப்பிரமாண நூலைக் கண்டெடுத்தார் என்கிறது 2 இராஜாக்கள் 22. அதைக் கேட்ட யோசியா நாடெங்கும் இருந்த வழிபாட்டு மேடைகளை இடித்து, பலியை எருசலேமில் மட்டும் வைத்தார். பலி ஒரே இடத்தில்தான் என்று அழுத்திச் சொல்வது உபாகமம் 12. கண்டெடுத்த நூல் உபாகமத்தின் ஏதோ ஒரு வடிவம் என்பது இன்றும் பலர் ஏற்கும் கருத்து.

1878-இல் யூலியுஸ் வெல்ஹவுசன் இவற்றையெல்லாம் நான்கு மூலங்களாக ஒழுங்குபடுத்தினார்: யாவே மரபு, எலோகிய மரபு, உபாகம மரபு, குருத்துவ மரபு. பாடநூல்களில் இன்னும் இதுதான் இருக்கிறது. ஆய்வுலகம் அப்படியே நிற்கவில்லை. எலோகிய மரபு தனி நூலாக இருந்ததா என்பதைப் பலர் ஐயுறுகிறார்கள், யாவே மரபின் காலத்திலும் ஒற்றுமை இல்லை. உபாகமமும் குருத்துவப் பகுதிகளும் தனித்த நடையும் சொல்வளமும் உடையவை என்பதில் மட்டும் பரந்த உடன்பாடு உண்டு.

தொகுப்பு எப்போது முடிந்தது? கி.மு. 586-இல் எருசலேம் வீழ்ந்து, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு பாரசீகர் ஆட்சியில் திரும்பிய காலத்தை ஒட்டியே பெரும்பாலோர் வைக்கிறார்கள். நெகேமியா 8-இல் தண்ணீர் வாசலின் முன் எஸ்றா காலைமுதல் நடுப்பகல்வரை தோராவை வாசிக்கிறார், லேவியர்கள் விளக்குகிறார்கள். பொதுமக்கள் முன் தோரா வாசிக்கும் வழக்கத்தின் தொடக்கமாக மரபு இதைக் கொண்டாடுகிறது.

அந்தக் காலத்திலும் எல்லா யூதர்களும் ஒரே நெறியில் இருக்கவில்லை. நைல் நதியின் எலெஃபன்டைன் தீவில் குடியிருந்த யூதப் படைவீரர்களுக்குச் சொந்தமாக ஒரு கோயில் இருந்தது. அது இடிக்கப்பட்டபோது, திரும்பக் கட்ட ஆதரவு கேட்டு கி.மு. 407-இல் யூதேயாவின் ஆளுநருக்கே கடிதம் எழுதினார்கள். அந்தப் பாப்பிரஸ் இன்றும் இருக்கிறது. ஒரே இடத்தில்தான் பலி என்ற உபாகமச் சட்டம் தங்களைத் தடுப்பதாக அவர்கள் நினைத்த சுவடே அதில் இல்லை.

கேள்வி: இன்று கையில் உள்ள மிகப் பழைய பிரதி எது?

‘பிரதி’ என்பதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வசனம் என்ற அளவில் பழமையானவை எருசலேமின் கேத்தெப் இன்னோம் கல்லறையில் 1979-இல் கேப்ரியல் பர்காய் குழு கண்டெடுத்த இரண்டு வெள்ளித் தகட்டுச் சுருள்கள். விரித்தால் பெரியது சுமார் 97 மி.மீ. நீளம், சிறியது 39 மி.மீ. நீளம். எண்ணாகமம் 6:24-26-இல் உள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தின் வரிகள் அவற்றில் கீறப்பட்டுள்ளன. காலம் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இதை வைத்து எண்ணாகமம் முழுதும் அப்போதே இருந்தது என்று எழுதுவோர் உண்டு, அது அவசர முடிவு. ஆசீர்வாதம் அப்போது வழக்கில் இருந்தது என்பது மட்டுமே உறுதி.

நூலின் பிரதிகள் என்றால் சாக்கடல் சுருள்கள். 1947 முதல் 1956 வரை கும்ரானை ஒட்டிய 11 குகைகளில் கிடைத்தவற்றில் வேதப் பிரதிகள் மட்டும் 200-க்கு மேல். மிகப் பழையவை கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை துண்டுகள். 7 மீட்டருக்கு மேல் நீளும் ஏசாயாச் சுருள்தான் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது.

எரிந்து கரியான ஒரு சுருளும் வாசிக்கப்பட்டுவிட்டது. சாக்கடலோர எங்கேதியின் பழைய யூதத் தொழுகைக் கூடத்தில் 1970-இல் கிடைத்த அது, தொட்டால் உதிரும். திறக்காமலே நுண் சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் அடுக்கடுக்காக விரித்தபோது லேவியராகமத்தின் தொடக்கம் தெரிந்தது. 2016-இல் முழு ஆய்வு வெளியானது. அதன் எழுத்துகள் பிற்கால மரபுப் பாடத்தோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

முழு எபிரேய வேதமும் ஒரே தொகுப்பாக இருக்கும் மிகப் பழைய ஏடு லெனின்கிராட் ஏடு, 1008-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதைவிடப் பழையதும் உயர்வானதுமான அலெப்போ ஏடு 930 வாக்கில் எழுதப்பட்டது. 1947-இல் அலெப்போவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அதில் தோராவின் பெரும்பகுதி காணாமற்போயிற்று. எபிரேய வேத ஆய்வில் இதைவிடப் பெரிய இழப்பு அண்மைக் காலத்தில் இல்லை.

கேள்வி: சமாரியரிடம் இருக்கும் தோரா வேறா?

ஐந்து நூல்களும் அவையே. வேறுபாடுகள் சுமார் 6,000, பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் சார்ந்தவை. முக்கியமானது வழிபாட்டு மலை: உபாகமம் 27:4-இல் நம் பாடம் ஏபால் மலை என்கிறது, அவர்கள் பாடம் கெரிசீம் என்கிறது. அவர்கள் ஐந்நூலை மட்டுமே வேதமாக ஏற்கிறார்கள், பழைய எபிரேய எழுத்திலிருந்து வந்த தனி எழுத்தில் எழுதுகிறார்கள்.

கேள்வி: உயிரெழுத்தே இல்லாமல் எழுதப்பட்ட நூலை எப்படிச் சரியாக வாசித்தார்கள்?

எபிரேயத்தின் 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகள். சிலவற்றை நெடில் ஒலியைக் காட்டவும் பயன்படுத்தினார்கள். மற்றதெல்லாம் வாய்வழிப் பழக்கம். பழக்கம் வேறுபட்டால் பொருளும் வேறுபடும். ஆதியாகமம் 47:31-இல் யாக்கோபு கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து தொழுகிறார். அதே நிகழ்ச்சியைச் சொல்லும் எபிரெயர் 11:21-இல் அவர் சாய்வது கோலின் முனையில். எபிரேயத்தில் கட்டிலுக்கும் கோலுக்கும் எழுத்துகள் ஒன்றே: மித்தா என்றால் கட்டில், மத்தே என்றால் கோல். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கோல் என்று வாசித்தார்கள், புதிய ஏற்பாடு அவர்களைப் பின்பற்றியது.

இந்த ஐயத்தைத் தீர்க்கவே கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை மசோரெத்தியர் என்ற அறிஞர்கள் எழுத்தைத் தொடாமல் அதன் மேலும் கீழும் உயிர்க்குறிகளையும் இசைக்குறிகளையும் சேர்த்தார்கள். கலிலேயக் கடலோரத் திபேரியா நகரத்தாரின் முறையே நிலைத்தது.

யெகோவா என்ற பெயரும் இங்கேதான் பிறந்தது. கடவுளின் நான்கெழுத்துப் பெயரை யூதர்கள் உச்சரிப்பதில்லை, அதோனாய் (ஆண்டவர்) என்றே வாசிப்பார்கள். அதை நினைவூட்ட, அந்த நான்கு மெய்களோடு அதோனாய் என்பதன் உயிர்க்குறிகளை இட்டார்கள். வழக்கம் அறியாதவர்கள் இரண்டையும் கூட்டி அப்படியே வாசித்ததன் விளைவு அந்த உச்சரிப்பு. மூல ஒலி யாவே என்பதை ஒட்டியது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: தொழுகைக் கூடச் சுருளை இன்றும் கையால்தான் எழுதுகிறார்களா? பிழை வந்தால் என்ன செய்வார்கள்?

கையால் மட்டுமே. அச்சிட்டது செல்லாது. எழுதுபவருக்கு சோஃபேர் என்று பெயர், வேலை பொதுவாக ஓராண்டுக்கு மேல் ஆகும். உண்ணத்தக்கது என்று தோரா அனுமதிக்கும் விலங்கின் தோலைப் பதப்படுத்திய தாளில், மையில்லாத கூர்முனையால் கோடு கீறி, இறகு அல்லது நாணல் பேனாவால் எழுதுவார். ஒரு பத்திக்கு 42 வரிகள் என்பது பரவலான அமைப்பு. ஒரு தாளில் மூன்று பத்திக்குக் குறையவோ எட்டுக்கு மிகவோ கூடாது. தாள்களை விலங்கின் தசைநார் நூலால் தைப்பார்கள். ஒரு நூலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு வரி இடைவெளி விடவேண்டும். மொத்தம் 304,805 எழுத்துகள், உயிர்க்குறி ஒன்றுகூட இல்லாமல்.

மனப்பாடமாக எழுதக் கூடாது. மூலப்படியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளில் கண் தாவி, நடுவில் உள்ளது விடுபடுவதுதான் படியெடுப்பவர்களின் பழைய நோய். வாய்விட்டுச் சொல்வது அதைப் பெரிதும் தடுக்கும்.

எழுதும் மை என்பது மாசிக்காய்ச் சாறு, கருவேலம் பிசின், அன்னபேதி (இரும்பு உப்பு) ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சியது. பிசின் மிஞ்சினால் மை விறைத்து, சுருளைச் சுருட்டி விரிக்கும்போது செதிளாக உதிரும். அன்னபேதி மிஞ்சினால் எழுத்து பழுப்பேறித் தோலையே அரிக்கும்.

ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெற்றுத்தோல் இருக்க வேண்டும், இரண்டு எழுத்துகள் ஒட்டினால் செல்லாது. சாதாரணப் பிழையைக் கத்தியால் சுரண்டிவிட்டுத் திரும்ப எழுதலாம். ஆனால் சுரண்டுவதாலேயே எழுத்துக்கு வடிவம் வரக் கூடாது, எழுதித்தான் வரவேண்டும். தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் வித்தியாசம் மூலையில் ஒரு சிறு முனைதான். ரேஷ் வரவேண்டிய இடத்தில் தாலெத் விழுந்துவிட்டால் முனையை மட்டும் சுரண்டி ஒப்பேற்ற முடியாது, எழுத்தைக் குலைத்துப் புதிதாக எழுத வேண்டும். இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு உபாகமம் 6:4 போதும்: கர்த்தர் ‘ஒருவரே’ என்ற எகாத் என்னும் சொல்லில் தாலெத் ரேஷ் ஆனால் ‘வேறொருவர்’ என்றாகிவிடும். அதனால் அந்த இடத்துத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு.

கடவுளின் பெயரில் பிழை நேர்ந்தால் அழிக்கவே கூடாது. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு முழுத்தாளையும் புதிதாக எழுதுவார்கள். கழித்த தாள்களை எறிவதில்லை, கெனிசா என்ற காப்பிடத்தில் சேர்த்துப் பிறகு புதைப்பார்கள்.

தெளிவில்லாத எழுத்தைத் தீர்மானிக்க, எழுத்து தெரிந்த, அதிபுத்திசாலியும் அல்லாத மந்தமும் அல்லாத ஒரு சிறுவனிடம் காட்டுவார்கள். பெரியவர் என்றால் முன்பின் சொற்களை வைத்து ஊகித்துவிடுவார், சிறுவன் கண்ணில் தெரிவதையே சொல்வான். இப்போது கணினி ஸ்கேனும் சேர்ந்திருக்கிறது. விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடிப்பதில் அது வலுவானது. நுண்ணிய ஒட்டலையும் விரிசலையும் பார்க்க இன்னும் கண்தான் வேண்டும்.

வாசிப்பின் நடுவே செல்லாத பிழை தெரிந்தால் அந்தச் சுருளை மூடி, வேறு சுருளில் தொடர்வார்கள். பழுதானதன் உறைமேல் கச்சையைக் கட்டி அடையாளம் வைப்பார்கள். திருத்தாத சுருளை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது தல்மூத் விதி.

கேள்வி: எபிரேய நூலில் வசனத்தைத் தேடினால் எண் பொருந்துவதில்லையே?

அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் லத்தீன் வேதத்துக்காகச் செய்யப்பட்டது. எபிரேய நூல்களில் அது பிறகு ஏறியபோது சில எல்லைகள் மாறிவிட்டன. இடறும் இடங்கள் இவை: ஆதியாகமம் 31:55 எபிரேயத்தில் 32:1. எண்ணாகமம் 16:36-50 அங்கே 17:1-15. யோவேல் நமக்கு 3 அதிகாரம், அங்கே 4. மல்கியா நமக்கு 4, அங்கே 3. சங்கீதங்களில் தலைப்பையும் வசனமாக எண்ணுவார்கள், எனவே ஒன்றோ இரண்டோ கூடும். ‘சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்’ நமக்கு 51:10, எபிரேயத்தில் 51:12. எண் தப்பினால் அடுத்தடுத்த இரண்டு வசனங்களையும், அதிகாரத்தின் தொடக்கமோ முடிவோ என்றால் பக்கத்து அதிகாரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.